கண்டல் வழியில் நின்றவர்

விதானையார் மாமா யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. வட்டை விதானை என்றால் ஏசத் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து எண்ணம். வட்டை என்கிற வயல்வெளியின் வாய்க்கால், வரம்பு, வயலுக்குப் போகும் வழி எல்லாவற்றுக்கும் பொறுப்பாக வயல்காரர் கூடித் தெரிந்தெடுக்கிற ஆள் அவர். மண்டூர்ப் பக்கத்து விதானை ஒருவர் வரம்பில் நின்று போடும் சத்தத்துக்குக் கொக்குகள் எழும்பிப் பறக்கும் என்பார்கள். எங்கள் மாமா சத்தம் போடமாட்டார். வந்து நிற்பார்.

எங்கே மண்வெட்டி பிழையாக விழுகிறதோ அங்கே, வெட்டுகிற வாய்க்கால் அடுத்ததாக எந்த இடத்துக்கு வரப்போகிறதோ அந்த இடத்தில், ஒரு கறுத்தக் குடையை விரித்துப் பிடித்தபடி நிற்பார். வெட்டுகிறவர் முதலில் காணாத மாதிரி வெட்டுவார். வாய்க்கால் மெல்ல மெல்ல அவர் காலடிக்கு வரும். அவர் வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். பெரும்பாலும் அப்படி வெட்டுகிறவர் அவருடைய மூத்த மருமகன் நாகமணி அண்ணனாகத்தான் இருக்கும்.

"மாமா, கொஞ்சம் அங்கால நில்லுங்க. மண் தெறிக்கும்."

"தெறிக்கட்டும் மருமகன்."

"வாய்க்கால் இஞ்சாலதானே போகணும்?"

"ஓம்."

"அப்ப நீங்க நிக்கிற இடத்தாலதானே போகணும்?"

"ஓம் போல."

"அப்ப எப்பதான் விலகுவீங்க?"

"பாப்பம்."

நாகமணி அண்ணன் மண்வெட்டியை எறிந்துவிட்டு வட்டை முழுக்கக் கேட்கக் கத்துவார். "பொண்ணு தந்த மனிசனெண்டு பாக்கிறன். இல்லாட்டி குடையோட சேத்து மண்ணப் போட்டு மூடிப்போடுவன்!" அக்கம்பக்கத்து வயல்களில் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார். பிறகு வாய்க்கால் அவர் காலைச் சுற்றி வளைந்து போகும். வளைந்த பிறகுதான் அவர் குடையை மடிப்பார்.

எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்கவே ஏலாது. ஏதாவது நடந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிற பிறவி நான். மண்வெட்டி ஒவ்வொரு முறை உயரும்போதும் அது அவர் காலில் விழுகிற மாதிரியே எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொள்வேன். மூடினால் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் விழுந்தே விட்டது. கோபத்தில் ஓங்கிய கையை நாகமணி அண்ணனால் நிறுத்த முடியவில்லை. மாமாவின் இடது காற் பெருவிரல் பிளந்து சேறு சிவந்தது. அப்போதும் அவர் காலை எடுக்கவில்லை. நாகமணி அண்ணன்தான் குழந்தைப் பிள்ளை மாதிரிக் குழறிக்கொண்டு அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினார். "அங்கால நில்லுங்கெண்டு சொன்னேனே மாமா, சொன்னேனே" என்று வழி முழுக்கப் புலம்பல். முதுகில் கிடந்தபடி மாமா குடையை மருமகனின் தலைக்கு மேல் பிடித்திருந்தார். பார்த்தவர்கள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார்கள். அதன்பிறகு அந்தக் கால் கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் நடந்தது. நிற்பதற்கு அது தடையாக இருக்கவில்லை.

அவர் எதற்காக நின்றார் என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் ஊர் வயல்களுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு கண்டல் காடு இருந்தது. தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கிற மரங்கள். நான் பிறக்கும் முன்னமே ராசாங்கம் அதை ஒதுக்குக் காடு என்று சொல்லிச் சுற்றிவர எல்லைக்கல் நட்டுவிட்டது. 'கல்லுக்குள்' என்றால் எங்களுக்கு அந்தக் காடுதான். கல்லுக்குள் கத்தி வைக்கக்கூடாது என்ற சட்டம் எங்கேயோ ராசாங்கக் கச்சேரியில் இருந்தது. காவற்காரர் எப்போதாவது தோணியில் வந்து இளநீர் குடித்துவிட்டுப் போவார். அவருக்கு ஒருவரும் பயப்படவில்லை. ஊரைப் பிடித்து வைத்திருந்தது வயல்காரர் தங்களுக்கென்று வைத்திருந்த கட்டளைதான். விதைப்புக்கு முன்னம் கோயிலடியில் கூட்டம் கூடி அதை வாயால் சொல்லிக் கேட்பிப்பார்கள். காட்டுக்குள்ளால் போகும் வழி, தண்ணீர்க் குடத்தோடு எதிரெதிரே வருகிற இரண்டு பெண்கள் உரசாமல் விலகுகிற அகலந்தான். மரம் நின்ற இடத்தில் வழிதான் வளைய வேண்டும். வழி சேறானால் கொப்பும் ஓலையும் பரப்பலாம், மண் வெட்டிப் போடக்கூடாது. வயல் வாய்க்கால் கல்லுக்கு இப்பாலேயே ஒரு மடுவில் முடிந்துவிட வேண்டும். மிச்சத் தூரத்தைத் தண்ணீர் மரங்களின் காலுக்குள்ளால் ஊறித்தான் கடக்க வேண்டும்.

"மிச்சத்தத் தண்ணி நடந்து போகும்" என்பார் மாமா. "அத ஓட விட்டாத்தான் கரைச்சல்."

கரைச்சல் என்னவென்று ஒரு முறை கண்டோம். அந்த வருசம் காய்ச்சல் வீடு வீடாகப் படுத்தியது. மாமாவும் படுத்தார். மாரி வெள்ளம் வயலில் நின்றது. நிற்க ஆள் இல்லாத சமயம் பார்த்து நாகமணி அண்ணன் கல்லுக்குள்ளால் வாவி வரைக்கும் நேராக ஒரு வாய்க்கால் இழுத்துவிட்டார். வெள்ளம் ஒரே நாளில் வடிந்தது. ஊரே மெச்சியது. "மாமா எழும்பி வந்தா காட்டுங்க" என்று மார்பில் தட்டினார். பிறகு வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டார்கள். வாவி இறங்கியது. இறங்கிய கையோடு கடல் ஏறியது. வெள்ளம் போன அதே வழியால் உப்புத் தண்ணீர் வட்டைக்குள் வந்து குந்தியது. பள்ளத்து வயல் பயிரெல்லாம் நெருப்பில் வாட்டின மாதிரிச் சிவந்து போனது. முதலில் சிவந்தது நாகமணி அண்ணனின் வயல்.

மாமா போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கி நடுங்கி வந்தார். மருமகன் ஏச்சுக்குக் காத்திருந்தார். மாமா அந்த வாய்க்காலுக்குள் இறங்கி முழங்கால் உப்புத் தண்ணீரில் நின்றார். அவ்வளவுதான். அவருக்கு இரண்டு பக்கமும் மண்ணைப் போட்டு ஆட்கள் அடைத்தார்கள். அடைத்து முடித்து அவரைத் தூக்கி எடுத்தபோது காய்ச்சல் கொதித்தது.

அந்தக் காய்ச்சல் காலத்தில்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். காட்டுக்கு அப்பால், வாவிக் கரையில், ஒரு மேட்டுத் திட்டி இருந்தது. அந்தத் திட்டியில் இரண்டே வீடுகள். ஒன்று எங்கள் அம்மாவின் வீடு. மற்றது மாமாவுடையது. பள்ளிக்கூடம் காட்டுக்கு இந்தப் பக்கம், ஊருக்குள். கண்டல் வழியின் ஒவ்வொரு வளைவும் எனக்கு ஒவ்வொரு பயம். வளைவுக்கு அங்கால் முதலை கிடக்கும், விசர் நாய் நிற்கும், வழியே இல்லாமல் போயிருக்கும். மாமாவின் கடைசி மகள் கனகம் என் வயதுக்காரி. அவள் பாட்டுப் பாடிக்கொண்டு ஓடிவிடுவாள். நான் முதல் வளைவில் நின்று அழுவேன். மாமா முன்னால் போய் அடுத்த வளைவில் குடையோடு நிற்பார். நான் அந்தக் குடையைப் பார்த்து நடப்பேன். நான் கிட்ட வந்ததும் தண்ணீருக்குள்ளால் குறுக்கே இறங்கிப் போய் அடுத்த வளைவில் நிற்பார். இப்படியே பள்ளிக்கூடம் வரைக்கும். அவர் பாயில் விழுந்த மாதம் வளைவுகளில் ஒருவரும் நிற்கவில்லை. என்னால் போக முடியவில்லை. அவர் சுகமாகி எழும்பியபோது என் பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. எழுத்துக்கூட்டி வாசிப்பதெல்லாம் பிறகு கனகம் எனக்குச் சொல்லித்தந்ததுதான்.

கனகத்தின் கதைதான் இனி மாமாவின் கதை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்கு. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மருமகனை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொண்டு, பெற்றவர்கள் அடுத்த பிள்ளைக்கான வீட்டுக்குத் தள்ளிப் போவார்கள். மாமாவும் மாமியும் அப்படித் தள்ளித் தள்ளி வந்தவர்கள். ஊருக்குள் இருந்த வளவையும் காணியையும் மூத்தவர்களுக்கே எழுதிவிட்டார்கள். இனிப் பிள்ளை இல்லை என்று நினைத்திருந்த வயதில் கனகம் வந்து பிறந்தாள். அவளுக்கென்று மிஞ்சியிருந்தது மாமியின் தாய்வழி வந்த இந்தத் திட்டித் துண்டுதான். ஊர் வழிகளுக்கெல்லாம் பொறுப்பான மனிதர், தன் கடைசிப் பிள்ளையின் வீட்டைச் சரியான வழி இல்லாத இடத்தில் கட்டினார்.

கனகத்துக்குப் பேசி வந்த மாப்பிள்ளை மண்டூர்த் துறைக்கு நெல் ஏற்றுகிற கரத்தைக்காரர். சொந்தக் கரத்தை, சோடி வெள்ளை மாடு. பேச்சு விசயத்தைக் கொண்டுவந்தவர் நாகமணி அண்ணன். பெரிய மாமன் ஒருவரோடு மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தார். ஊருக்குள் கரத்தையை விட்டுவிட்டுக் கண்டல் வழியால் நடந்து வந்து சேர்ந்தபோது பெரிய மாமனின் வேட்டி முழங்கால் வரைக்கும் சேறு.

"என்ன விதானையார், பாம்பு போன தடத்தையா வழியெண்டு வச்சிருக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் உட்கார்ந்தார். "பொடியன் இஞ்ச வந்து இரிக்கிறதெண்டா கரத்தையும் மாடும் எங்கால வாற? தலையில தூக்கிற்று வாறதா?"

"என்ட வளவுல விடலாம்" என்றார் நாகமணி அண்ணன். "நான் பாத்துக்குவன்."

"சீதன வீட்டுக்கு வந்த மாப்பிள்ள சகலன்ட வளவுல மாடு கட்டுறதா? நல்லாயிரிக்கு! ஊர் சிரிக்கும். கரத்தை வாற மாதிரி வழிய வெட்டுங்க. மத்ததெல்லாம் எங்களுக்குப் பிடிச்சிரிக்கு."

செம்பில் தண்ணீர் கொடுத்த கனகத்தை மாப்பிள்ளை ஒரு தரம் பார்த்தார். அவளும் பார்த்ததை நான் பார்த்தேன்.

மாமா, "பாப்பம்" என்றார்.

சில நாள் கழித்து மாப்பிள்ளை தனியாக வந்தார். கரத்தையின் பழைய அச்சு மரத்தைத் தோளில் கொண்டுவந்திருந்தார். ஒரு தலைப்பை நாகமணி அண்ணன் பிடிக்க, மறு தலைப்பை அவர் பிடிக்க, வழிக்குக் குறுக்காக அதைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தார்கள், எந்த மரத்தில் முட்டுகிறது என்று. எல்லா மரத்திலும் முட்டியது. முட்டுகிற இடத்தில் எல்லாம் நாகமணி அண்ணன் "இந்தா, இதுவும் மாமாட சொந்தக்காரன்" என்று மரத்துக்கு வணக்கம் வைத்தார். பின்னால் வந்த கனகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். திரும்பும்போது அச்சை ஒதுக்கிப் பிடித்து, அவள் முதலில் போக வழி விட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் சந்தோசமாக இருக்கும் நேரத்தில் எனக்கு நெஞ்சு அடிக்கும்.

மரம் வெட்டுவதோடு முடிகிற காரியமல்ல அது. கரத்தை ஓட வேண்டுமென்றால் வழியை மண் போட்டு உயர்த்த வேண்டும். மண்ணை வழியின் இரண்டு பக்கமும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டின பள்ளம் இரண்டும் வாவியிலிருந்து வட்டைக்கு இரண்டு நேர் வாய்க்கால். மாமாவுக்கு அதை ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொழுதுபடும் நேரங்களில் கண்டல் வழியில் தனியாகப் போவதும் வருவதுமாக இருந்தார். வெளியிலிருந்து தோணியில் மணல் ஏற்றிவந்து பரப்பலாமா என்று மருமகனைக் கேட்டார்.

"ஒரு மாரிக்குத் தாங்காது மாமா. கரைஞ்சி போயிரும்."

"வருசா வருசம் பரப்பினா?"

"ஆரு பரப்புற? அவங்க ஆவணியில கலியாணமெண்டு நிக்கிறாங்க. இத விட்டா வேற இடம் பாப்பாங்க."

அன்று மாமி வேலியடியில் நின்று சொன்னது எங்கள் வளவுக்கும் கேட்டது. மாமி அதிகம் பேசாத பெண். "ஊருக்கெல்லாம் நிண்டீங்க. காலையும் குடுத்தீங்க. நான் ஒண்டும் கேக்கல்ல. உங்கட புள்ளைக்காக ஒரே ஒருக்கா நிக்காம இரிங்க."

அடுத்த நாள் காலையில் குடை வீட்டுக் கூரை வளையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் எங்கே போனாலும் அது அங்கேயே தொங்கியது. நாகமணி அண்ணனுக்கு அது போதும். ஆள் சேர்த்தார்.

வழி வெட்டும் நாள் விடிந்தது. கோடரியும் மண்வெட்டியுமாக நாகமணி அண்ணனும் இன்னும் சில பேரும் திட்டியிலிருந்து வழி இறங்குகிற கடப்படியில் வந்து நின்றார்கள். எங்கள் பக்கத்திலிருந்து தொடங்கி ஊர்ப் பக்கமாக வெட்டிப் போவது என்று திட்டம். காட்டின் மறுதலையில் மாப்பிள்ளை கரத்தையைப் பூட்டிக்கொண்டு வந்து காத்திருந்தார், வெட்டுகிற மரத்தை ஏற்றிக் கழிக்க. முதல் வளைவில் ஒரு பெரிய கண்டல் மரம். அதில்தான் தொடங்க வேண்டும்.

ஒருவரும் தொடங்கவில்லை. எல்லோரும் மாமாவின் வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருசம் அவர் வந்து நிற்பதைப் பார்த்துப் பழகியவர்கள். அவர் வராமல் எப்படி வெட்டுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"வரமாட்டார்" என்றார் நாகமணி அண்ணன். "குடையத் தொங்கவிட்டிட்டார், அதுதான் வாக்கு. வெட்டுங்கடா."

"நீ முதல் வெட்டு. உன்ட மாமாதானே."

நாகமணி அண்ணன் கோடரியை எடுத்தார். அப்போதுதான் கனகம் வந்தாள். கையில் அந்தக் குடை. வந்து மரத்துக்கு முன்னால் நின்று அதை விரித்துப் பிடித்தாள். அவளுக்கு அது பெரிய குடை.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள், அவள் பகிடி பண்ணுகிறாள் என்று. நாகமணி அண்ணனும் சிரித்தார். "மச்சாள், விளையாடாத. வெயிலேறப் போகுது."

அவள் விலகவில்லை.

"உனக்குத்தான்கா இந்த வழி! வேற ஆருக்கு?"

"எனக்குத்தானே அத்தான். அப்ப வேணாமெண்டு நான் சொல்லலாந்தானே."

"ஏன்கா? அவரப் பிடிக்கல்லயா?"

"வீட்டுக்குப் பின்னால போய் அப்பாவப் பாருங்க" என்றாள் கனகம். "விடியத்தொட்டு இந்தப் பக்கம் முதுகக் காட்டிக்கொண்டு இரிக்கிறார். தேத்தண்ணி குடுத்தன், கை நீளல்ல. செத்தவர் மாதிரி இரிக்கிறார் அத்தான். அந்த முகத்தப் பாத்துக்கொண்டு நான் எப்பிடி இந்த வழியால புருசனக் கூட்டிக்கொண்டு வாற?"

"அவர் ரெண்டு நாளையில சரியாயிருவார்."

"மாட்டார்" என்றாள். "உங்களுக்கும் தெரியும்."

நாகமணி அண்ணன் கோடரியைக் கீழே வைத்தார். அவர் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. ஒருவரை மறுதலைக்கு அனுப்பி மாப்பிள்ளையிடம் சொல்லச் சொன்னார். கனகம் குடையின் கீழ் நின்றாள். கண் வழியைப் பார்த்தபடி இருந்தது. யாராவது அந்த வளைவுகளால் நடந்து வருகிறார்களா என்று அவள் பார்த்தாள் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. கரத்தையை விட்டுவிட்டு ஒரு மனிதன் நடந்து வருகிற அகலம் அந்த வழிக்கு இருந்தது. நெடுநேரம் கழித்துச் சக்கரம் கிறுகித் திரும்புகிற சத்தம் கேட்டது. மாட்டை அதட்டுகிற குரல் கேட்டது. அது தூரத் தூரப் போனது.

அந்த வருசமே கரத்தைக்காரர் வேறு ஊரில் கலியாணம் முடித்தார். கனகத்துக்கு அதன்பிறகும் பேசி வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் வழியைக் கேட்டார்கள். பிறகு ஒருவரும் வரவில்லை.

மாமா அதற்குப் பிறகு எந்த வாய்க்காலிலும் போய் நிற்கவில்லை. விதானை வேலையை வேறொருவர் எடுத்தார், நன்றாக ஏசுகிறவர். மாமாவின் குடையைக் கனகம்தான் வெயிலுக்கும் மழைக்கும் பிடித்துத் திரிந்தாள். அவர் அவளிடம் கோபப்படவில்லை. ஆனால் அவள் சோறு வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கமாட்டார். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் பார்த்துக்கொண்டே இருப்பார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் செய்த நன்மையைப் பொறுக்க முடியாமல் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

ஒரு நாள் எங்கள் வேலியில் மட்டை கட்டித் தர வந்தார். நான் பிடித்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். கை வேலையாக இருக்க, என்னைப் பாராமலே சொன்னார்.

"என்ட சீவியத்தில ஒரு நாள்தான், மகள், நான் நிக்காம இரிந்தன்."

நான் அடுத்த மட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

"அவள்ற நல்லதுக்கெண்டு இரிந்தன். அதுவும் அவளுக்கு நல்லதா முடியல்ல." கயிற்றை இறுக்கி முடிந்தார். "சின்னதில இருந்து நான் நிக்கிறதத்தானே அவள் பாத்தவள். போறதுக்கு ஆரும் பழக்கல்ல."

அவர் செத்தது ஒரு கார்த்திகை மாதம். வாடைக் காற்று அடித்து வாவி கொந்தளித்துக் கிடந்தது. தோணியில் கொண்டுபோக ஏலாது. சுடலை ஊர்ப் பக்கம். கண்டல் வழியால்தான் பாடை போக வேண்டும். பாடை எடுப்பதற்கு முந்திய நாள் முழுக்க நான் இதைத்தான் நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன், பாடை அந்த வளைவுகளில் எப்படித் திரும்பும் என்று. அழ வேண்டிய நேரத்தில் எனக்கு இந்த யோசனைதான்.

நான் பயந்த மாதிரியே நடந்தது. முதல் வளைவில் பாடை முட்டியது. தூக்கிப் பார்த்தார்கள், சரித்துப் பார்த்தார்கள். மழை வேறு. தூக்கினவர்களில் மாமாவின் இன்னொரு மருமகன் சொன்னார், "இந்த ஒரு மரத்தத் தறிச்சிட்டா போயிரலாம். பொணத்தோட நிக்கிறம். இதுக்கு ஆரு என்ன சொல்லப்போற?"

யாரோ ஒருவர் கத்தி எடுத்து வரத் திரும்பினார். கடப்படியில் நானும் கனகமும் நின்றோம். அதற்கு அங்கால் பெண்கள் போவதில்லை. எல்லோரும் கனகத்தைப் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

அப்போது நாகமணி அண்ணன் பாடையின் முன்தலைப்பை இன்னொருவர் தோளுக்கு மாற்றிவிட்டு நடந்து போய் அந்தக் கண்டல் மரத்துக்கு முன்னால் நின்றார். கத்தி கொண்டுவந்தவர், "அண்ணன், அங்கால நில்லுங்க" என்றார். நாகமணி அண்ணன் வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மழைத் தண்ணீர் அவர் தலையிலிருந்து வழிந்தது. கத்தி கொண்டுவந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதை மடியில் செருகிக்கொண்டார். தூக்கினவர்கள் வழியை விட்டு இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீர், பிறகு நெஞ்சளவு. பாடையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மரக்கால்களுக்கு நடுவால், காலால் தடவித் தடவி, மெல்லப் போனார்கள்.

"அத்தான் நிக்கிறாரா?" என்று கனகம் தலைப்பை எடுக்காமலே கேட்டாள்.

"ஓம்கா. நிக்கிறார்."

அவள் கையில் குடை மடித்தபடியே இருந்தது. நாங்கள் இருவரும் நனைந்துகொண்டிருந்தோம். பாடை இரண்டாம் வளைவில் மறைந்தது. பிறகு, எனக்குக் கேட்க வேண்டுமென்று கூட இல்லாமல், மெதுவாகச் சொன்னாள்.

"அண்டைக்கு எனக்கெண்டு ஒருத்தரும் நிக்கல்லயே."